இரண்டு விரல் இடைவெளி

ஏழுமடைக்காரர்களுக்குப் புத்தகத்தின்மேல் அபாரமான மரியாதை. தெரியாமல் காலில் பட்டுவிட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், சரஸ்வதி பூஜையன்று சந்தனம் தெளித்துக் குங்குமம் வைப்பார்கள், கிழிந்துபோனாலும் எரிக்கமாட்டார்கள், குப்பையில் போடமாட்டார்கள். திறந்து பார்ப்பது ஒன்றைத்தவிர புத்தகத்துக்குச் செய்யவேண்டிய எல்லாவற்றையும் செய்துவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு கிளை நூலகம் இருந்தது, நூலகத்துக்கு ஒரு வாசகர் வட்டம் இருந்தது, வாசகர் வட்டத்துக்குக் குற்றாலலிங்கம் அண்ணாச்சி என்று ஒரு தலைவர் இருந்தார், தலைவருக்கு வாசிக்கிற வழக்கம் மட்டும் இருக்கவில்லை.

அண்ணாச்சி கல்யாண மண்டபத்துக்குச் சொந்தக்காரர். நூலகச் சுவரில் மாட்டியிருந்த புரவலர் பலகையில் முதல் பெயர் அவருடையது, பெரிய எழுத்தில், மஞ்சள் பெயிண்டில். அவர் நூலாசிரியரும்கூட. 'எழுச்சி முத்துக்கள் ஆயிரம்' என்று, கன்னத்தில் கைவைத்துச் சிந்திக்கிற தன் படத்தை அட்டையில் போட்டு ஒரு புத்தகம் வெளியிட்டிருந்தார். அதற்குள் இருந்ததையெல்லாம் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் தினசரி காலண்டர் தாள்களிலிருந்து பொறுக்கி எழுதிக்கொடுத்தார், வாத்தியாருக்கு ஒரு வேட்டி கிடைத்தது, அண்ணாச்சிக்குச் 'சிந்தனைச் செம்மல்' என்ற பட்டம் கிடைத்தது. கட்டுப் பிரிக்காத பிரதிகள் நூலகத்தின் பின்னறையில் கூரைவரை அடுக்கிக் கிடந்தன. ஊரில் கல்யாணமோ காதுகுத்தோ, அண்ணாச்சி போய் ஒரு துண்டைப் போர்த்தி 'முத்துக்கள்' பிரதி ஒன்றைக் கையில் கொடுப்பார், வாங்கினவர்கள் அதை அலுங்காமல் வைத்திருந்து அடுத்த விசேஷத்தில் வேறு யாருக்காவது கொடுப்பார்கள், அப்படியே ஏழெட்டு வீடு சுற்றி மடிப்புக் கலையாமல் அந்தப் பிரதி அண்ணாச்சியிடமே திரும்பி வந்ததும் உண்டு. அவரும் அதை நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

நூலக வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. அதில் நூலகர் ஜெபமணி தினமும் காலையில் மேலே 'இன்றைய முத்து' என்று அண்ணாச்சியின் வாக்கு ஒன்றையும், கீழே 'வாசகர் வட்டச் செய்திகள்' என்று அண்ணாச்சி எங்கே யாருக்குத் துண்டு போர்த்தினார் என்பதையும் சுண்ணாம்புக்கட்டியால் எழுதுவார். ஜெபமணி நல்ல மனிதர், அதாவது எதற்கும் ஆகாத மனிதர். ஓய்வு பெறுகிறவரை ஒரு தும்மல்கூடச் சத்தமாகப் போடக்கூடாது என்பது அவருடைய கொள்கை.

நூலகத்தை ஒட்டி, ஒரே சுவரில், முப்பிடாதியின் மாவு மில். வரிசையாக டப்பாக்களையும் தூக்குச்சட்டிகளையும் வைத்துவிட்டுப் பெண்கள் வெளியே பேசிக்கொண்டிருப்பார்கள், முப்பிடாதி கோதுமையை மெஷினில் கொட்டிவிட்டுப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு புத்தகத்தை எடுத்து, கோதுமை அரைந்து முடிகிறவரை அங்கேயே நின்றபடி படிப்பாள். அவள் புருஷன் சூரத்துக்குப் போகிறேன் என்று போய் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான், மில்லை எடுத்துப் போகாமல் விட்டுவிட்டுப் போனதுதான் அவன் செய்த ஒரே நல்ல காரியம் என்பாள். அவள் படித்த புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வலது ஓரத்தில் அவளுடைய கட்டைவிரல் வெள்ளையாகப் பதிந்திருக்கும். "இது புஸ்தகமா பவுடர் டப்பாவா?" என்று ஜெபமணி முனகுவார். "விரல் பதியாத புஸ்தகம் ரூம்பு நெறையக் கெடக்கு சார், அதைப் போயி தொடைங்க" என்பாள் அவள். ஊரில் பாதிப்பேரை முட்டாள் என்றும் மீதிப்பேரைக் கோழை என்றும் நினைத்திருந்தாள், இரண்டையும் மறைக்கவும் இல்லை.

அந்தச் சமயம் அவள் படித்துக்கொண்டிருந்தது 'கிழக்கு மூலைக் கிணறு' என்ற நாவல், சு. தெய்வக்கனி என்று யாரோ ஒரு நர்ஸ் எழுதியது. அதில் வடிவு என்று ஒருத்தி. புருஷன் செத்ததும் கொழுந்தன்மார் அவளுக்குப் பங்கு என்று கிழக்கு மூலையில் ஒரு பொட்டல் துண்டைத் தள்ளிவிடுகிறார்கள், அவள் அங்கே ஒற்றை ஆளாகக் கிணறு வெட்டுகிறாள், காலையில் ஏணியில் இறங்குகிறாள், மண்ணைக் கூடையில் சுமந்துகொண்டு ஏணியில் ஏறுகிறாள், ஊர் மேலே நின்று சிரிக்கிறது. ஒருநாள் அவள் ஆழத்தில் நிற்கும்போது மூத்த கொழுந்தன் வந்து எட்டிப்பார்த்து, ஏணியை மேலே இழுத்துவிட்டான். முப்பிடாதி அந்த வரியைப் படித்து, விரலை நாக்கில் தொட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பப் போன நேரத்தில்தான் வாசகர் வட்டத்தின் அவசரக் கூட்டம் நூலகத்துக்குள் நுழைந்தது, கையில் வடைப் பொட்டலத்தோடு.

"முப்பிடாதி, அதை இங்க குடு" என்றார் அண்ணாச்சி.

"எதை?"

"கையில இருக்கதை. நம்மூர்ப் பெரிய மனுஷங்களைக் கேவலப்படுத்தி எழுதியிருக்காளாம்."

"நம்மூரு பேரே இதுல இல்லையே அண்ணாச்சி. இது கரிசக்காட்டுக் கதை."

"கோயில் எண்ணெயத் திருடுத பெரிய மனுஷன் ஒருத்தன் வாரானாம்லா?"

"வாரான், ரெண்டு வரி. அதுக்கு நீங்க ஏன் அண்ணாச்சி பதறுதிய?"

வடை தின்றுகொண்டிருந்த ஒருவருக்குப் புரையேறியது. அண்ணாச்சியின் அப்பா கோயில் தர்மகர்த்தாவாக இருந்த காலத்தில் சாமி சன்னிதி இருட்டாகவும் அவர் வீட்டு மாடி வெளிச்சமாகவும் இருந்தது ஊருக்கே தெரியும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், இங்கே நெஞ்சோடு சேர்ந்து வேட்டியும் குறுகுறுத்தது.

"நீங்க படிச்சியளா?" என்று கேட்டாள் முப்பிடாதி.

"சாக்கடையில எறங்கிப் பாத்துத்தான் சாக்கடைன்னு தெரிஞ்சுக்கிடணுமா?" என்றார் அண்ணாச்சி. வட்டம் கைதட்டியது.

"சரி, முடிச்சிட்டுத் தாரேன். கெணத்துக்குள்ள ஒருத்தி நிக்கா அண்ணாச்சி, ஏணிய இழுத்துட்டான்."

"நிக்கட்டும்" என்று சொல்லி அண்ணாச்சி அவள் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார். மில்லில் டப்பா வைத்திருந்த பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், படிக்க வந்த பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஜெபமணி மேஜைமேல் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் கரும்பலகையில் 'ஊர் நலன் கருதி ஒரு தீய நூல் நீக்கப்பட்டது' என்று செய்தி வந்தது. புத்தகம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவும் இல்லை, அண்ணாச்சி சொல்லவும் இல்லை.

முப்பிடாதிக்கு வேலை ஓடவில்லை. ஒருத்தியின் மல்லியை இன்னொருத்தியின் மிளகாயோடு கலந்து அரைத்தாள், தன் புருஷன் ஓடிப்போன அன்றுகூட அவள் இப்படிக் கலங்கியதில்லை. வடிவு மேலே வந்தாளா இல்லையா, அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. டவுன் புத்தகக் கடைகளில் கேட்டுப் பார்த்தாள். அப்படி ஒரு புத்தகத்தை ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

நாவல் இருந்த தட்டில், இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி விழுந்திருந்தது. ஜெபமணிக்குத் தட்டில் இடைவெளி இருந்தால் பல் விழுந்த வாயைப் பார்க்கிற மாதிரி கூசும். ஆகவே போட்டித் தேர்வுக்கான பொது அறிவுப் புத்தகம் ஒன்றை அங்கே செருகிவைத்தார். மறுநாள் பரீட்சைக்குப் படிக்கிற பையன் ஒருவன் அதை எடுத்துப்போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தான்.

"சார், அட்டையில பொது அறிவுன்னு போட்டிருக்கு. உள்ள ஒரு பொம்பள கெணறு தோண்டிக்கிட்டு இருக்கா."

ஜெபமணி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். ஆமாம், தோண்டிக்கொண்டிருந்தாள். "பரீட்சைக்கு வருமான்னு பாருடே, வராட்டா விட்டுரு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

முப்பிடாதி அதைப் பையனிடமிருந்து வாங்கித் திறந்தபோது அச்செழுத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஓரத்தைத்தான் பார்த்தாள். பக்கத்துக்குப் பக்கம் வெள்ளையாக, அவளுடைய கட்டைவிரல். அவசர அவசரமாகப் புரட்டிக்கொண்டு போனாள். கொழுந்தன் ஏணியை மேலே இழுத்துவிட்டான் என்பது வரை ஓர் எழுத்துப் பிசகாமல் இருந்தது. பக்கத்தைத் திருப்பினால், இந்தியாவின் மிக நீளமான ஆறு எது, கீழ்க்கண்டவற்றுள் பொருத்துக.

அவள் விடவில்லை. சமையல் புத்தகம் ஒன்றைச் செருகினாள், ஒரு பொழுது அங்கே நின்றதும் அதுவும் மாறியிருந்தது, ஏணியை மேலே இழுத்துவிட்டான், பிறகு பொடியாக நறுக்கிய வெங்காயத்தைச் சேர்த்துப் பொன்னிறமாக வதக்கவும். கோழி வளர்ப்பு, ஜாதக சாஸ்திரம், ரயில்வே அட்டவணை, எதை அந்த இடைவெளியில் நிறுத்தினாலும் அவள் கையிலிருந்து பிடுங்கின பக்கம் வரைக்கும் வடிவின் கதை வந்தது, அதற்கு மேல் ஒரு வரி வரவில்லை. சும்மா காலியாக விட்டால் பக்கத்துப் புத்தகம் சரிந்து விழுந்து அதுவும் மாறியது. ஜெபமணி ஒரு செங்கலை வைத்துப் பார்த்தார். செங்கல் செங்கலாகவே இருந்தது, அதற்குப் படிப்பு ஏறவில்லை, வாசகர் வட்டத்தில் சேர்த்துவிடலாம் என்றாள் முப்பிடாதி. ஆனால் நூலகத்தில் செங்கல் இருப்பதை மேலதிகாரி பார்த்தால் என்னாகும் என்று ஜெபமணிக்கு வியர்த்தது, அண்ணாச்சியிடம் போய், அந்த இடத்தில் எதை வைத்தாலும் சரியாக நிற்கமாட்டேன் என்கிறது என்று மட்டும் சொன்னார்.

"என் புஸ்தகத்தை வையும்வே, கனமா நிக்கும்" என்றார் அண்ணாச்சி.

ஜெபமணி திரும்பிவந்து தயங்கித் தயங்கி இதைச் சொன்னபோது முப்பிடாதி வாய்விட்டுச் சிரித்தாள், பல நாளைக்குப் பிறகு. "வையும் சார். தலைவர் உத்தரவுல்லா."

அன்றிலிருந்து தினமும் பின்னறைக் கட்டிலிருந்து ஒரு முத்துக்கள் வெளியே வரும், இரண்டு விரல் இடைவெளியில் நிற்கும், மறுநாள் காலையில் முப்பிடாதி அதை எடுத்துக்கொண்டு அடுத்ததை நிறுத்துவாள், எடுத்ததை மாவு அரைக்க வந்தவளின் தூக்குச்சட்டியின்மேல் வைத்து அனுப்புவாள். முதலில் வாங்கினவர்கள் வழக்கம்போல அடுத்த காதுகுத்துக்கு என்று எடுத்து வைத்தார்கள். ஒருத்தி மட்டும், மாவைச் சலிக்கிற நேரத்தில் பிள்ளை அழுகிறதே என்று, படம் பார்க்கட்டும் என அதைத் திறந்து கொடுத்தாள், பிள்ளை அழுவதை நிறுத்தியது, அவள் அழ ஆரம்பித்தாள். அதற்கப்புறம் டப்பா வரிசை நீண்டது, அரைக்க ஒன்றும் இல்லாதவர்கள் வெறும் டப்பாவோடு வந்து நின்றார்கள், முடிதிருத்தும் கடையில் ஒருவர் படிக்க மற்றவர்கள் பாதி மழித்த கன்னத்தோடு கேட்டார்கள், பஸ் கண்டக்டர் ஏழுமடை ஸ்டாப்பில் இறங்கி ஒரு பிரதி வாங்கிக்கொண்டு விசிலடித்தார். தலைவரின் நூலை முதன்முறையாக மனிதர்கள் எடுத்துப் போகிறார்கள் என்று ஜெபமணி கரும்பலகையில் 'எழுச்சி முத்துக்களுக்கு வாசகர் பேராதரவு' என்று எழுதினார், அது பொய்யும் இல்லை. அண்ணாச்சி அந்தப் பலகையின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

இப்படியாக ஊர் முழுவதும் வடிவோடு கிணற்றுக்குள் நின்றது. ஊர் ஆச்சரியப்பட்டது என்று நினைக்கவேண்டாம். காலண்டர் வாக்கு மாறிக் கதையானதைப்பற்றி ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை, ஓசியில் வந்ததை ஏன் எப்படி என்று கேட்கிற வழக்கம் ஏழுமடையில் கிடையாது. கேட்டதெல்லாம் ஒன்றுதான், வடிவு மேலே வந்தாளா. வந்திருப்பாள் என்று ஒரு கட்சி, எப்படி வருவாள் என்று ஒரு கட்சி, பொம்பளைக்கு எதற்குக் கிணறு, கொழுந்தன் செய்ததில் என்ன தப்பு என்று ஒரு கட்சி, மூன்றாவது கட்சிக்காரர்களுக்கு அவரவர் வீட்டில் சோறு வடிக்கப்படவில்லை. அம்மன் கோயிலில் வடிவு பெயருக்கு அர்ச்சனை செய்யப் போனார்கள், பூசாரி நட்சத்திரம் கேட்டார், ஒருவருக்கும் தெரியவில்லை. இவ்வளவு கஷ்டப்படுகிறவள் பூரட்டாதியாகத்தான் இருக்கவேண்டும் என்று பூரட்டாதிக்காரர்கள் நால்வர் சத்தியம் செய்ததால் அதுவே முடிவாயிற்று. பிறகு யாரோ ஒரு மூங்கில் ஏணியைக் கொண்டுவந்து நூலகச் சுவரில் சாய்த்து வைத்தார்கள், நேர்ச்சை மாதிரி. அடுத்தநாள் இன்னொன்று. வெள்ளையடிக்கிற ஏணி, தென்னைமரத்து ஏணி, சாமான் இறக்குகிற குட்டி ஏணி என்று நூலகமே தெரியாத அளவுக்கு ஏணிகள் நின்றன. அந்த வழியாகக் காரில் போன அண்ணாச்சி, தன் மணிவிழாவுக்குப் பந்தல் போட வந்த ஏணிகள் என்று நினைத்து மகிழ்ந்துபோனார்.

முப்பிடாதிக்கு ஊரைப் பார்க்க எரிச்சலாக வந்தது. இத்தனை ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் ஒருவர், ஒரே ஒருவர், அண்ணாச்சி வீட்டுக்குப் போய், பிடுங்கின புத்தகத்தைக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கமாட்டார்கள். பாதி ஊருக்கு அவர் மண்டபத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இல்லாத ஒருத்திக்காக அழுவார்கள், இருக்கிற ஒருத்திக்காக வாயைத் திறக்கமாட்டார்கள். தானும் அன்றைக்குப் புத்தகத்தைக் கைவிட்டவள்தானே என்ற நினைப்பும் அவளை உறுத்தியது, அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மணிவிழாவுக்கு முந்தின வாரம் அண்ணாச்சியின் மனைவி ஆவுடையம்மாள் சாம்பார்ப் பொடிக்கு மிளகாயும் மல்லியும் எடுத்துக்கொண்டு மில்லுக்கு வந்தாள். வேலைக்காரியை அனுப்பாமல் அவளே வந்ததில் வரிசையில் நின்ற பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மெஷின் ஓடுகிற சத்தத்துக்குள் அவள் முப்பிடாதியின் காதருகே குனிந்தாள்.

"அவுக புஸ்தகத்தைப் படிச்சேன்."

"எத்தனாவது முத்து வரைக்கும் மதினி?"

"எகத்தாளம் பேசாத. கல்யாணமாயி முப்பத்தஞ்சு வருஷத்துல அவுக பேரு போட்ட ஒண்ணு மொத தடவையா எனக்குப் பிடிச்சிருக்குன்னா, அது அவுக எழுதுனதா இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா?" மிளகாய் நெடியில் அவள் கண் கலங்கியிருந்தது, அல்லது அதற்கு முன்பே கலங்கியிருந்தது. "அந்தப் புஸ்தகத்தை எரிச்சா சரஸ்வதி கோவிச்சுக்கிடுவான்னு பயந்துட்டாவ. ஒடைஞ்ச சாமி படத்தைப் போடுத மாதிரி, குங்குமம் வச்சு, மஞ்சத் துணியில சுத்தி, கொல்லையில வறண்ட கெணத்துக்குள்ள போட்டுட்டாவ. துணிய எடுத்துக் குடுத்ததே நான்தான்."

முப்பிடாதி மெஷினை நிறுத்திவிட்டாள்.

"எங்க வீட்டுல ஏணி இல்ல" என்றாள் ஆவுடையம்மாள். "எல்லாத்தையும் மண்டபத்துக்குக் கொண்டு போயிட்டாவ." நூலகச் சுவரில் ஏணி நிறையச் சாய்ந்திருந்தது, ஆனால் அண்ணாச்சி வாயால் சொல்லாமல் அதைத் தூக்கிக்கொண்டு அந்தக் கொல்லைக்குள் வர ஊரில் ஒருவருக்கும் துணிவிருக்காது என்று முப்பிடாதிக்குத் தெரியும்.

மணிவிழாவுக்கு ஊரே வந்திருந்தது, சாப்பாட்டுக்கு. நகரத்திலிருந்து வரவழைத்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வாழ்த்திப் பேச வந்தார், வருகிற வழியில் காரில் தூங்கிவிட்டதால் புத்தகத்தைத் திறந்து பார்க்க அவருக்கு நேரமிருக்கவில்லை. "எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முத்துதான்" என்று சொல்லி, முப்பிடாதி மேடைக்குக் கொடுத்தனுப்பிய பிரதியைத் திறந்து படிக்க ஆரம்பித்தார். வடிவு கூடையில் மண்ணைச் சுமந்துகொண்டு ஏணியில் ஏறினாள். பேராசிரியருக்குத் திடுக்கென்றது, ஆனால் மைக்கின் முன்னால் நிறுத்துகிற பழக்கம் அவருக்கு இல்லாததால் படித்துக்கொண்டே போனார், கீழே உட்கார்ந்திருந்த ஊர் வாய்க்குள்ளேயே கூடச்சொல்லிக்கொண்டு வந்தது. அண்ணாச்சி மேடைமேல் சிம்மாசனத்தில் உட்கார்ந்து கேட்டார். இதை நான்தான் எழுதினேனா என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம், நான்தான் எழுதினேன் என்று முடிவு செய்துகொண்டு, போர்த்தியிருந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏணியை மேலே இழுத்துவிட்டான்" என்று படித்துப் பேராசிரியர் பக்கத்தைத் திருப்பினார். "முத்து அறுநூற்றுப் பத்து. காலம் பொன் போன்றது, கடமை கண் போன்றது."

மண்டபம் முழுவதும் ஒரு முனகல் எழுந்தது. அண்ணாச்சி மைக்கை வாங்கினார். "இதை எழுதுன காலத்துல நான் சாப்பிடல, தூங்கல. மையால எழுதல, கண்ணீரால எழுதுனேன்" என்றார். மேடை கைதட்டியது.

பெண்கள் பக்கத்திலிருந்து முப்பிடாதி எழுந்தாள். மில்லிலிருந்து அப்படியே வந்திருந்தாள், முழங்கை வரை மாவு. "அண்ணாச்சி, ஒரு சந்தேகம். வடிவு மேல வந்தாளா?"

அண்ணாச்சி தமிழ் வாத்தியாரைப் பார்த்தார், வாத்தியார் குனிந்து செருப்பைத் தேடினார். "வந்தா, வராம?"

"எப்படி வந்தா? ஏணியத்தான் இழுத்தாச்சே."

"அது... அதைச் சொல்லிட்டா ருசி போயிரும்லா."

"எழுதுன ஒங்களுக்குத் தெரியாம இருக்குமா? அண்ணாச்சி தன்னடக்கத்துல சொல்லமாட்டேங்காவ" என்று முப்பிடாதி ஊர்ப்பக்கம் திரும்பினாள். "முடிவு இருக்க புஸ்தகத்தை அவுக வீட்டுக் கொல்லைக் கெணத்துக்குள்ள வச்சிருக்காவ, குங்குமம் வச்சு, மஞ்சத் துணியில சுத்தி. ஆமாவா இல்லையா அண்ணாச்சி?"

ஊர் அண்ணாச்சியைப் பார்த்தது. ஆமாம் என்றால் கிணற்றைத் திறந்துவிடவேண்டும், இல்லை என்றால் இந்த நிமிஷம் போட்ட துண்டும் துடைத்த கண்ணீரும் பொய்யாகப் போகும். தீய நூல் என்று தீர்மானம் போட்டவராக இருப்பதா, இந்த அற்புதத்தை எழுதியவராக இருப்பதா என்று அவர் யோசித்த நேரம் மிகவும் கொஞ்சம். கைதட்டல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் சாய்ந்தே வளர்ந்த மனிதர்.

"பத்திரமாத்தான் வச்சிருக்கேன்" என்றார். "போயி எடுத்துக்கிடுங்க."

பந்தியில் உட்கார்ந்தவர்கள்கூட இலையை விட்டு எழுந்தார்கள், ஏழுமடை வரலாற்றில் அப்படி நடந்ததில்லை. நூலகச் சுவரிலிருந்து ஏணிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், அனுமதி கிடைத்தபிறகு எல்லோரும் வீரர்கள். ஏணியோடு ஏணியைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார்கள், முப்பிடாதி மற்றவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தானே இறங்கினாள். அடியில் மஞ்சள் மூட்டை அப்படியே கிடந்தது, ஈரமில்லாமல், கறையானில்லாமல். பிரித்தாள். முதல் பக்கத்தில் சு. தெய்வக்கனி என்று பெயர் இருந்தது, அதைத் தொட்டு, மண்டபத்து மைக்கில் ஒருவன் கண்ணீரால் எழுதினேன் என்று சொன்னதை நினைத்து, காறித் துப்பவேண்டும் போலிருந்ததை விழுங்கிக்கொண்டாள். பிறகு ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து, விரலை நாக்கில் தொட்டு, அன்றைக்குத் திருப்ப முடியாமல் போன பக்கத்தைத் திருப்பினாள்.

"என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்று மேலே வட்டமாகத் தலைகள் கத்தின.

"வரிசையில நில்லுங்க" என்றாள் கீழேயிருந்து, மில்லில் சொல்கிற அதே குரலில். "அரைஞ்சு முடியட்டும்."

வெயில் கிணற்றின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு ஏறுகிறவரை அவள் படித்தாள். மேலே ஏணியின் தலையை இரண்டு கையாலும் பிடித்தபடி, ஒருவரையும் தொடவிடாமல், ஆவுடையம்மாள் நின்றாள். மணிவிழாப் பட்டுச்சேலையில், மாலையைக்கூடக் கழற்றாமல். முப்பிடாதி மேலே வந்ததும் ஊர் சூழ்ந்துகொண்டது. "நாளைக்கு நூலகத்துக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு, அவள் ஆவுடையம்மாளை மட்டும் தள்ளி அழைத்துப்போனாள்.

"வந்துட்டாளா?" என்றாள் ஆவுடையம்மாள்.

"வந்துட்டா."

"ஏணி யாரு போட்டா?"

"ஒருத்தனும் போடல மதினி. கூப்பிட்டுப் பாத்தா, அழுது பாத்தா, பெறகு கடப்பாரைய எடுத்துக் கீழ தோண்ட ஆரம்பிச்சா. தோண்டுனா, தோண்டுனா, தண்ணி வந்துட்டு. தண்ணியே அவளைத் தூக்கிக் கரையில கொண்டாந்து விட்டுட்டு. கொழுந்தன் ஏணியப் பிடிச்சிக்கிட்டு அப்படியே நிக்கான்."

ஆவுடையம்மாள் திரும்பித் தன் வீட்டுக் கிணற்றைப் பார்த்தாள். "இது வறண்ட கெணறுன்னுதான் நான் வாழ வந்த நாள்லேருந்து சொல்லுதாவ" என்றாள்.

மறுநாள் புத்தகம் தன் இடைவெளியில் போய் நின்றது, இடைவெளி அடைபட்டது. அதோடு ஊரிலிருந்த எல்லாப் பிரதிகளிலும் மிச்சமிருந்த முத்துக்கள் உதிர்ந்து கதை கடைசிப் பக்கம் வரை நிறைந்தது, பின்னறையில் கட்டுப் பிரிக்காமல் கிடந்தவைகூட. அட்டையில் அண்ணாச்சி கன்னத்தில் கைவைத்துச் சிந்தித்தார், திறந்தால் தெய்வக்கனியின் பெயர் இருந்தது. திறந்தவர்களுக்குத் தெரிந்தது, திறக்காதவர்களுக்கு இன்றுவரை தெரியாது. வாசகர் வட்டம், ஒரு நூலைக் கிணற்றுக்குள் வைத்துக் காப்பாற்றியதற்காகத் தலைவருக்குப் பாராட்டு விழா நடத்தியது, ஜெபமணி அதைப் பிழையில்லாமல் கரும்பலகையில் எழுதினார், ஊரும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தது. அண்ணாச்சி இப்போதும் கல்யாணத்துக்குக் கல்யாணம் போய்த் துண்டைப் போர்த்தி அந்தப் புத்தகத்தைக் கொடுக்கிறார், படித்துப் பயன்பெறுங்கள் என்று சொல்லிப் புதுப்பெண்ணின் கையிலும் ஒன்று வைக்கிறார். கொடுப்பதை அவர் ஒருமுறையும் திறந்ததில்லை.

ஒருநாள் மதியம் சாப்பிட்டுப் படுத்திருந்தவருக்குக் கொல்லையிலிருந்து ணங் ணங்கென்று சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், கிணற்றின் விளிம்பில் ஒரு கூடை மண் இருந்தது, ஏணி இரும்புச் சங்கிலியால் வேப்பமரத்தோடு கட்டியிருந்தது, ஆவுடையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தலையில் இன்னொரு கூடையோடு மேலே வந்தாள்.

"வறண்ட கெணத்தைப் போயி எதுக்குத் தோண்டுத, கோட்டிக்காரி?" என்றார்.

அவள் மண்ணைக் கொட்டிவிட்டு அவரைப் பார்த்தாள். "நீங்க எழுதுன கதைதான. முடிவு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும்" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி திரும்பிப் படுத்துக்கொண்டார்.